ஒரே ஒரு பாயிண்ட்தானே!

மனிதனை மாட்டிவிடும் வாக்கியங்கள் மூன்று. 'ஒரே ஒரு கையெழுத்துதானே' என்பது முதலாவது. போட்டவர்கள் இன்னமும் அடுத்தவன் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 'ஒரே ஒரு ரவுண்டுதானே' என்பது இரண்டாவது. விவரம் தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மூன்றாவது, 'ஒரே ஒரு பாயிண்ட்தானே.' முதல் இரண்டைப் பற்றிப் பெரியவர்கள் நிறையவே எச்சரித்துவிட்டார்கள். மூன்றாவதை அந்தப் பெரியவர்களே தினமும் சொல்லிக்கொண்டிருப்பதால், எச்சரிக்கிற பொறுப்பு இந்த வாரம் என் தலையில்.

எங்கள் திருத்தங்கல்லில் இந்த வாக்கியம் கொஞ்சம் அதிகமாகவே கேட்கும். ஊரே இப்போது ஒரு எக்ஸ்டென்ஷன் பாயிண்ட்தான். தனி நகராட்சியாக இருந்த எங்களை 2021-ல் சிவகாசியோடு சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். இணைப்பு கொடுத்தாகிவிட்டது. லோடு தாங்குகிறதா என்பதை டீக்கடையில் தினமும் விவாதித்துக்கொண்டிருக்கிறோம்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். முப்பது, நாற்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். முன்னறையில் ஒரு ட்யூப் லைட், ஒரு ஃபேன். அடுக்களையில் ஒரு குண்டு பல்பு. ரேடியோவுக்கென்று ஒரு பிளக். அந்த ரேடியோவுக்கும் மேலே ஒரு பூப்போட்ட துணி. அன்றைக்கு வயர் இழுத்தவர் அந்தக் கணக்குக்குத்தான் இழுத்தார். அவர் ஜோசியர் இல்லை.

அப்புறம் என்ன நடந்தது? 2006-ல் அரசாங்கம் இலவசக் கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது. 2011-ல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. நடுவில் நாமே தவணையில் ஃபிரிட்ஜ் வாங்கினோம், வாஷிங் மெஷின் வாங்கினோம். கேஸ் விலை ஏறினபோது இண்டக்ஷன் அடுப்பு வந்தது. இப்போது வாசலில் மின்சார ஸ்கூட்டர் நிற்கிறது. அரசாங்கம் மிக்ஸி கொடுத்தது. மிக்ஸிக்கு பிளக் பாயிண்ட் கொடுக்கவில்லை. கடைக்காரர் ஃபிரிட்ஜுக்கு ஸ்டாண்டு கொடுத்தார்; வயர் கொடுக்கவில்லை. சாமான்கள் எல்லாம் வாசல் வழியாக வந்தன. சுவருக்குள் இருக்கிற வயர் மட்டும் அதே வயர்.

ஆக, ஒரு பாயிண்ட் சேர்க்கும்போது நாம் எல்லோரும் கேட்கிற கேள்வி: 'எங்கே வைக்கணும்?' கட்டில் பக்கத்திலா, ஜன்னல் பக்கத்திலா, சாமி படத்துக்குக் கீழேயா என்று வீட்டில் அரை மணி நேரம் விவாதம் நடக்கும். கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. 'எங்கேயிருந்து எடுக்கணும்?' என்பதுதான் கேள்வி. மொத்த விஷயமும் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.

* * *

நான் பி.காம். ஃபிஸிக்ஸ் என்றால் எனக்குப் பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் வீட்டு கரண்ட் என்பது ஃபிஸிக்ஸே இல்லை, அக்கவுண்டன்ஸி. சாமானின் பின்னால் ஒட்டியிருக்கிற சின்ன லேபிளில் எத்தனை வாட்ஸ் என்று போட்டிருக்கும். அதை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். அவ்வளவுதான் பாடம்.

9 வாட் எல்.இ.டி. பல்பு கிட்டத்தட்ட 0.04 ஆம்பியர். ஃபேன் கால் ஆம்பியர், அதைச் சுற்றி. 750 வாட் மிக்ஸி 3.3. ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸ் 4.3. இரண்டாயிரம் வாட் வாட்டர் ஹீட்டர் 8.7. பல்பு, ஃபேன் எல்லாம் சில்லறைச் செலவு. சூடு உண்டாக்குகிற சாமான்தான் மாசக் கடைசியில் வருகிற மச்சினன் மாதிரி மொத்தமாகக் கேட்கும்.

இனி வரவுப் பக்கம். லைட், ஃபேனுக்குப் பொதுவாக ஒரு ஸ்கொயர் அல்லது ஒன்றரை ஸ்கொயர் செம்பு வயர் போடுகிறார்கள். பெரிய பிளக்குக்கு ரெண்டரை ஸ்கொயர். ஏ.சி., ஹீட்டருக்கு நாலு ஸ்கொயர். (பழைய ஆட்கள் இதையே 'த்ரீ பை ட்வென்டி', 'செவன் பை ட்வென்டி' என்று கேஜ் கணக்கில் சொல்வார்கள். ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் என்று நினைத்துவிடாதீர்கள்.) இந்தியத் தர நிர்ணயப்படி லைட் சர்க்யூட் ஒன்றில் பத்து பாயிண்டுக்கு மேல் கூடாது, மொத்த லோடு 800 வாட்டைத் தாண்டக் கூடாது. பவர் சர்க்யூட் ஒன்றில் இரண்டு பெரிய பிளக்குக்கு மேல் கூடாது.

800 வாட் என்பதைக் கவனித்தீர்களா? ஒரு அயர்ன் பாக்ஸ் தனியாகவே அதைத் தாண்டிவிடும். திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு நீங்கள் பெட்ரூம் லைட் போர்டில் அயர்ன் பாக்ஸைச் சொருகி சட்டை தேய்க்கிறபோது, சட்டை மட்டும் சூடாவதில்லை.

* * *

எதிர்வீட்டு மாமா முப்பது வருஷம் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கறாரான மனிதர். ஆலைக்குள் யாராவது தீப்பெட்டியோடு வந்தால் அவன் தாத்தா பெயர் வரை விசாரிப்பார் என்று சொல்வார்கள். போன மார்கழியில் அவர் வீட்டுக்கு ஹீட்டர் பாயிண்ட் அடிக்க எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்தபோது நானும் வேடிக்கை பார்க்கப் போனேன்.

"வாங்க தம்பி. பாத்ரூமுக்கு ஹீட்டர் பாயிண்ட் ஒண்ணு. இந்தா, பெட்ரூம் போர்டுலேருந்து ஒரு வயரை இழுத்து விட்டுட்டாப் போதும். ஒரே ஒரு பாயிண்ட்தானே!"

அண்ணன் ஸ்குரூ டிரைவரையே வெளியே எடுக்கவில்லை. "மெயின் எங்கே இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார். மாமா காட்டினார். பழைய பீங்கான் ஃப்யூஸ் கட்டை. அண்ணன் அதைப் பிடுங்கிப் பார்த்தார். ஃப்யூஸ் வயர் இருக்க வேண்டிய இடத்தில் முறுக்கின செம்புக் கம்பி, சுண்டு விரலில் மோதிரமாகவே போட்டுக்கொள்ளலாம்.

"அடிக்கடி போகுதுன்னு நம்ம பய ஒருத்தன் போட்டுக் கொடுத்தான். அதுக்கப்புறம் போனதே இல்லே" என்றார் மாமா பெருமையாக.

"எப்படிப் போகும்?" என்று ஃப்யூஸை வெளியிலேயே வைத்துவிட்டு, பெட்ரூம் போர்டைக் கழற்றினார் அண்ணன். "அண்ணாச்சி, இங்க வர்றது ஒரு ஸ்கொயர். இதே வயர்லதான் ஹால் பிளக்கும் அடுக்களை மிக்ஸியும் ஓடுது. ஹீட்டர் ரெண்டாயிரம், அயர்ன் பாக்ஸ் ஆயிரம், மிக்ஸி எழுநூத்தம்பது. காலையில மூணும் ஒண்ணா ஓடும். நாலு பேர் இருக்க வேண்டிய ரூம்ல பதினெட்டுப் பேரை உக்கார வச்ச மாதிரி."

மாமா முகம் மாறியது.

இந்த வட்டாரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி. பட்டாசு ஆலையில் ஒரு அறைக்குள் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று விதி இருக்கிறது. உற்பத்தி அறையில் நாலு பேர். அறைக்கும் அறைக்கும் நடுவே இடைவெளி. இரும்புச் சாமான் கூடாது. உள்ளே நுழையுமுன் உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் இறங்குவதற்குச் செம்புத் தகட்டில் கை வைக்க வேண்டும். மருந்து வைக்கிற கட்டடத்துக்கு இடிதாங்கி. இந்த விதிகளை மீறி ஆட்களையும் சரக்கையும் திணித்தால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் பார்த்தோம். நாற்பது பேர் அளவுக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கு மத்தியானம் எங்கே இருந்தோம் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

அண்ணன் சொன்ன கணக்கை நான் மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். 3,750 வாட். அனுமதி 800. நாலு பேருக்குப் பதினெட்டுப் பேர், சரியாகத்தான் இருந்தது. 16 ஆம்பியருக்கு மேல், ஒரு ஸ்கொயர் வயரில். ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி.

ஆலையில் செம்புத் தகட்டைத் தொடாமல் ஒருத்தனையும் உள்ளே விடாத மாமா, கொஞ்ச நேரம் அந்த ஃப்யூஸ் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்.

"மெயின்லேருந்தே தனியா இழுங்க தம்பி. இந்தக் கட்டையையும் தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு மாட்டுங்க."

* * *

மாட்டியது இரண்டு. அந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் பாதிப் பேர் இருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

முதலாவது எம்.சி.பி. இவர் பாங்க்கில் ஓவர்டிராஃப்ட் லிமிட் பார்க்கிற அதிகாரி. 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், அதற்கு மேல் தொடர்ந்து எடுத்தால் ஷட்டரை இறக்கிவிடுவார். இவர் காப்பாற்றுவது உங்களை இல்லை, வயரை. வயர் சூடாகி, மேலே இருக்கிற பிளாஸ்டிக் உருகி, சுவருக்குள் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது இவர் வேலை. 'அடிக்கடி ட்ரிப் ஆகுது சார், 10-ஐ எடுத்துட்டு 20 போட்டுடலாம்' என்று ஒருத்தர் சொன்னால், சம்பளத்தை உயர்த்தாமல் கடன் லிமிட்டை மட்டும் உயர்த்துகிறார் என்று அர்த்தம். வயர் தடித்தால்தான் எம்.சி.பி. பெரிசாகலாம். முதலில் வயர், பிறகு எம்.சி.பி. மாற்றிச் செய்யக் கூடாது.

இரண்டாவது ஆர்.சி.சி.பி. பழைய பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்று கேட்டாலும் கடையில் இதைத்தான் கொடுப்பார்கள். இவர் ஆடிட்டர். ஃபேஸில் எவ்வளவு போனது, நியூட்ரலில் எவ்வளவு திரும்பி வந்தது என்று இரண்டையும் பார்த்துக்கொண்டே இருப்பார். டேலி ஆகவில்லையா, நடுவில் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஹீட்டர் பாடி வழியாகக் கசியலாம். ஈரக் கையோடு நிற்கிற உங்கள் வழியாகவும் கசியலாம். வீட்டுக்கு வைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அந்த வித்தியாசம் 30-ஐத் தொடுவதற்குள் கண் இமைக்கிற நேரத்தில் மொத்தத்தையும் நிறுத்திவிடும்.

30 மில்லி என்றால் எவ்வளவு சின்னது என்று புரிய வேண்டுமானால், மேலே சொன்ன 9 வாட் பல்பை நினைத்துக்கொள்ளுங்கள். அது எடுப்பதே கிட்டத்தட்ட 40 மில்லி. ஒரு சின்ன பல்பு எரிகிற கரண்ட், மனிதன் நெஞ்சு வழியாகப் போனால் ஆள் காலியாகப் போதும். பத்தாயிரம் மில்லிக்குக் காத்திருக்கிற எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அதன் கணக்கில் நீங்கள் ஒரு பல்பு.

ஆடிட்டருக்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று இரண்டையும் பிடித்தால் அவர் கணக்கு டேலி ஆகிவிடும். போனது எல்லாம் வந்துவிட்டதே என்று பேசாமல் இருப்பார். ஆகவே ஆர்.சி.சி.பி. இருக்கிறது என்ற தைரியத்தில் வயரை நோண்டக் கூடாது. அதில் 'டி' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாசம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். டக்கென்று விழ வேண்டும். விழாத ஆர்.சி.சி.பி., லஞ்சம் வாங்கின ஆடிட்டர்.

* * *

இனி பாயிண்ட் இழுக்கிற இடத்தில் நடக்கிற திருவிளையாடல்கள்.

லைட் ஸ்விட்ச் போர்டைக் கழற்றினால் சில சமயம் உள்ளே ஃபேஸ் மட்டும்தான் வந்திருக்கும். ஸ்விட்சுக்கு அது போதும் என்பதால் நியூட்ரல் நேராக லைட்டுக்குப் போயிருக்கும். அந்த போர்டில் பிளக் வைக்க வேண்டுமென்றால் நியூட்ரல் வேண்டும். நல்ல ஆள் மெயினிலிருந்து நியூட்ரலும் எர்த்தும் கொண்டுவருவார். அவசரக்காரர் இரண்டு வேலைகளில் ஒன்றைச் செய்வார்.

ஒன்று, பக்கத்து சர்க்யூட்டிலிருந்து நியூட்ரலைக் கடன் வாங்குவார். பல்பு எரியும், வேலை முடிந்த மாதிரி தெரியும். ஆனால் வரவு ஒரு பேரேட்டில், செலவு இன்னொரு பேரேட்டில். அந்த சர்க்யூட்டுக்கு ஆர்.சி.சி.பி. இருந்தால் உடனே விழும். அதற்கும் ஒரு வைத்தியம் வைத்திருப்பார்: ஆர்.சி.சி.பி.யையே பைபாஸ் பண்ணிவிடுவார். கணக்கு இடிக்கிறது என்று சொன்ன ஆடிட்டரை வேலையை விட்டுத் தூக்குவது நமக்குப் புதுசா என்ன?

இரண்டாவது இதைவிட மோசம். எர்த் வயரையே நியூட்ரலாக வைத்துக் கொடுத்துவிடுவார். ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் இதுவும் வேலை செய்கிற மாதிரியே தெரியும். என்றைக்காவது எர்த் குழிக்குப் போகிற கம்பி துருப்பிடித்து விட்டுப்போனால், அந்த எர்த்தோடு சேர்ந்திருக்கிற ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றின் இரும்பு உடம்பிலும் கரண்ட் வந்து நிற்கும். உயிரைக் காப்பாற்றுவதற்காகப் போட்ட வயர், உயிரை எடுக்கிற வயராகிவிடும். வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எர்த்துக்கு நம் வீடுகளில் கிடைக்கிற மரியாதையே தனி. மூணு பின் பிளக்கில் மேலே இருக்கிற எர்த் பின் மட்டும் ஏன் நீளமாக, தடியாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? சொருகும்போது அது முதலில் தொட வேண்டும். பிடுங்கும்போது அது கடைசியில் விட வேண்டும். கூட்டத்தில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்கிற அம்மா மாதிரி. நாம் என்ன செய்கிறோம்? பின்னை உடைத்துவிட்டு, இரண்டு பின்னாக்கிச் சொருகுகிறோம். அல்லது எர்த் துளையில் ஸ்குரூ டிரைவரை விட்டு, கதவைத் திறந்து, வயரை அப்படியே நுழைத்து ஒரு தீக்குச்சியும் சொருகுகிறோம். தீப்பெட்டி ஊர் என்பதற்காக இப்படியா?

எர்த் குழிக்கும் கோடையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டும். காய்ந்த மண்ணில் கரண்ட் சுலபமாக இறங்காது. கரிசல் மண் வெடித்துக் கிடக்கிற சித்திரையில் மனுஷனுக்கே குடம் கணக்கு பார்க்கிறோம். எர்த்துக்கு எங்கே போக என்று கேட்பீர்கள். ஒரு வாளி போதும் சார். கை கழுவுகிற தண்ணீரைத் திருப்பி விட்டாலும் அது கோபித்துக்கொள்ளாது.

அடுத்தது ஜாயிண்ட். இரண்டு வயரை முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றி, சுவருக்குள் தள்ளிப் பூசிவிடுவது நம் தேசியக் கலை. இறுக்கமில்லாத ஜாயிண்டில் தடை அதிகம். தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொண்டால், 10 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு இடத்தில் 10 வாட் சூடு. லோடு இரட்டித்து 20 ஆம்பியர் ஓடினால் சூடு இரட்டிப்பதில்லை. நாலு மடங்கு, 40 வாட். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்றைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டு, மேலே காலண்டரும் மாட்டியிருக்கிறோம். (காலண்டர் சிவகாசியில் அச்சடித்ததாகத்தான் இருக்கும்.) ஜாயிண்ட் போட்டே ஆக வேண்டும் என்றால் மூடி திறந்து பார்க்கிற மாதிரி ஜங்ஷன் பாக்ஸுக்குள், கனெக்டர் வைத்து, இறுக்கமாக.

தற்காலிக இணைப்புதானே என்று அலட்சியமாக விடுவதும் உண்டு. அம்மன் கோயில் பொங்கலுக்கு சீரியல் செட், கல்யாணத்துக்கு ஃபோகஸ் லைட். 2004 ஜனவரி 23-ம் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தீப்பிடித்து, மாப்பிள்ளை உள்பட ஐம்பது பேருக்கு மேல் இறந்து போனார்கள். வீடியோ லைட்டுக்குப் போன வயரில் ஏற்பட்ட பொறி, மேலே இருந்த கீற்றுப் பந்தலைப் பற்றியது என்றார்கள். ஒரு முகூர்த்தத்துக்காக இழுக்கிற வயர். ஒரே ஒரு லைட்டுதானே.

* * *

'இதெல்லாம் சொந்த வீட்டுக்காரனுக்கு. நான் வாடகை ரூமில் மூன்று பேரோடு இருக்கிறேன். வீட்டுக்காரர் ஆணி அடிக்கவே விடமாட்டார்' என்கிறீர்களா? உங்கள் ரூமிலும் கிளை இருக்கிறது. அதற்குப் பெயர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ஒரு 6 ஆம்பியர் பிளக்கில் ஒரு பாக்ஸ், அதில் இன்னொரு பாக்ஸ், அதில் மூன்று செல்போன், ஒரு லேப்டாப், ஒரு டேபிள் ஃபேன். இவ்வளவும் ஓடினால்கூடப் பரவாயில்லை. எல்லாம் சில்லறைச் செலவு. அதே பாக்ஸில் இண்டக்ஷன் அடுப்பை வைத்து ராத்திரி பத்து மணிக்கு மேகி செய்கிறீர்களே, அங்கேதான் கதை மாறுகிறது. 16 ஆம்பியர் பெரிய பிளக்கை 6 ஆம்பியர் துளைக்குள் நுழைப்பதற்கென்றே ஒரு அடாப்டர் விற்கிறார்கள். பிளக் பெரிசாக இருப்பதே சின்னத் துளைக்குள் போகக் கூடாது என்பதற்குத்தான். அதை வாங்காதீர்கள்.

ஸ்கூட்டர் சார்ஜர் விஷயமும் இதே மாதிரிதான். எடுப்பது மூன்று நாலு ஆம்பியர் என்றாலும் ராத்திரி முழுக்க, நீங்கள் தூங்குகிறபோது, விடாமல் எடுக்கும். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் விட்டு மழைச் சாரலில் சார்ஜ் போடுவது வேண்டாம். வீட்டுக்காரரிடம் கேட்டு மெயினிலிருந்து தனி லைன், எர்த்தோடு. செலவைப் பாதிப் பாதி என்று பேசிப் பாருங்கள். உயிர் போகும் என்றால் சில வீட்டுக்காரர்கள் அசைய மாட்டார்கள். வீடு போகும் என்றால் அசைவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். பல்பு, ஃபேன், ஃப்யூஸ், ஸ்விட்ச் ஆகியவற்றை இருந்தபடியே மாற்றிக்கொள்ளலாம். அதற்கு மேல், இருக்கிற வயரிங்கோடு புதிதாக எதைச் சேர்த்தாலும் உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் மூலம், தகுதிச் சான்று உள்ளவர்தான் செய்ய வேண்டும். 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகளிலேயே 45-வது விதியாக இருந்தது இது. 2010-லும் 2023-லும் வந்த மத்திய மின்சார ஆணைய விதிமுறைகளிலும் தொடர்கிறது. ஆகவே 'உங்ககிட்டே வயர்மேன் சர்ட்டிஃபிகேட் இருக்கா அண்ணே?' என்று கேட்பது அவமரியாதை இல்லை. கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கிற மாதிரி.

இன்னொன்று, வீட்டு முன்னறையில் கடை வைத்தோ, சின்ன மெஷின் போட்டோ வீட்டு மீட்டரிலிருந்தே கிளை எடுத்தால், அது வயரிங் பிரச்னை மட்டுமல்ல. வேறு டாரிஃப். 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டம் 126-வது பிரிவில் இரட்டை மடங்கு கட்டணம் போட வழி இருக்கிறது. இலவச யூனிட்டுக்கு ஆசைப்பட்டு அதில் மாட்டாதீர்கள்.

சரி, ஆள் வந்துவிட்டார். நீங்கள் ஸ்டூல் பிடிக்க நிற்கிறீர்கள். அப்போது கவனிக்க வேண்டியவை.

மெயினை ஆஃப் செய்தாரா? செய்துவிட்டு சாவியையோ ஃப்யூஸையோ சட்டைப் பையில் போட்டுக்கொண்டாரா? 'கரண்ட் போயிடுச்சே' என்று பாட்டி எழுந்து வந்து மெயினைப் போட்ட வீடுகள் உண்டு. இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். 2012 வாக்கில் மணிக்கணக்கில் கரண்ட் போன காலத்தில் வாங்கி மாட்டிய இன்வெர்ட்டர், மெயின் ஆஃப் ஆனதும் 'எஜமான், நான் இருக்கிறேன்' என்று 230 வோல்ட்டோடு வேலையைத் தொடங்கிவிடும். விசுவாசம் ஆளைக் கொல்லும் இடம் அது.

டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்தாரா? பிறகு வேலை செய்கிற இடம். பிறகு மறுபடி கரண்ட் இருக்கிற இடம். டெஸ்டர் எரியவில்லை என்பதற்குக் கரண்ட் இல்லை என்று ஒரு அர்த்தம். டெஸ்டரே செத்துவிட்டது என்று இன்னொரு அர்த்தம். எது என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது.

ஸ்விட்ச் ஃபேஸில் இருக்கிறதா? நியூட்ரலில் ஸ்விட்ச் வைத்தால் ஆஃப் செய்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். எர்த் பச்சை வயரில், நியூட்ரல் கறுப்பில் வந்ததா? 'சிவப்பு தீர்ந்துபோச்சு, பச்சையையே ஃபேஸுக்குப் போட்டுட்டேன்' என்றால் கடைக்கு சைக்கிளை மிதியுங்கள். பத்து வருஷம் கழித்து அந்தப் பெட்டியைத் திறக்கிறவன் பச்சையை எர்த் என்று நம்பித்தான் தொடுவான். அவன் யார் வீட்டுப் பிள்ளையோ.

எல்லாம் முடிந்ததும் ஒரு பழைய நோட்டில் எந்த எம்.சி.பி.யில் எந்த பாயிண்ட், என்ன வயர், எந்தத் தேதி என்று எழுதி மெயின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பேரேடு இல்லாத வியாபாரம் ஓடுகிற வரைக்கும்தான் ஓடும் என்று காலேஜில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அடுத்த முறை யாராவது உங்களிடம் 'ஒரே ஒரு பாயிண்ட்தானே' என்றால், 'எங்கேயிருந்து?' என்று மட்டும் கேளுங்கள். 'ஒரே ஒரு கையெழுத்துதானே' என்பவரிடமும் அதையே கேட்கலாம்: பணம் எங்கேயிருந்து திரும்பி வரும்? மூன்றாவது ஆசாமி இருக்கிறாரே, 'ஒரே ஒரு ரவுண்டுதானே' என்பவர், அவரிடம் கேட்க வேண்டியது வேறு.

பில் யார் கட்டுவது?